கண்ணுக்குத் தெரியாத கார்பன் ஆண்டறிக்கையில் தெரியும்: போனிலேயே கணக்குப் போடுவது எப்படி?

சேத்தியாத்தோப்பிலிருந்து வடலூர், நெய்வேலி பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் பழகிப்போன காட்சி. அகலமான கோபுரங்களிலிருந்து வெள்ளையாகத் திரண்டு எழும்புவதைப் பார்த்து “எவ்வளவு புகை!” என்று சொல்வோம். அது பெரும்பாலும் நீராவி. குளிர்விப்புக் கோபுரத்தின் வேலை அது. பூமியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடு பக்கத்தில் உள்ள உயரமான புகைபோக்கி வழியாகப் போகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

அப்போ எவ்வளவு போகுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? வானத்தைப் பார்த்து முடியாது. எவ்வளவு எரித்தார்கள் என்று தெரிந்தால் போதும், மீதியைப் பெருக்கல் கணக்கு சொல்லிவிடும். எரித்த கணக்கு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இருக்கிறது. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனத்தின் ஆண்டறிக்கையை யார் வேண்டுமானாலும் போனில் இறக்கிப் படிக்கலாம், கட்டணம் கிடையாது.

இதைப் படிப்பது எப்படி, எங்கே ஏமாறக்கூடாது என்பதை நம் பக்கத்திலேயே இருக்கும் என்.எல்.சி. இந்தியா நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம்.

ஏன் நிதி அறிக்கை?

பெரும்பாலான ஆலைகள் தங்கள் கார்பன் டை ஆக்சைடைக் கருவி வைத்து அளப்பதில்லை. எரித்த நிலக்கரி, டீசல், எண்ணெய், வாங்கிய மின்சாரம் ஆகியவற்றை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு எண்ணால் பெருக்கித்தான் கணக்கிடுகிறார்கள். அந்த எண்ணுக்கு ‘உமிழ்வுக் காரணி’ என்று பெயர்.

எரிபொருள் காசு கொடுத்து வாங்குகிற பொருள். காசு போன இடத்தில் கணக்கு எழுதியே ஆகவேண்டும், அந்தக் கணக்கைத் தணிக்கையாளர் பார்த்தே ஆகவேண்டும். அதனால் சுற்றுச்சூழல் பக்கங்களில் ஒரு நிறுவனம் சொல்வதை, அதே நிறுவனத்தின் நிதிப் பக்கங்களை வைத்து ஒத்துப்பார்க்க முடிகிறது. சாதாரண குடிமகன் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் இது.

நமக்கு இதில் உரிமையும் உண்டு. என்.எல்.சி. மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம். 2013-ல் மத்திய அரசு விற்ற 3.56 சதவீதப் பங்குகளைத் தமிழ்நாடு அரசின் நிறுவனங்கள் வாங்கின. ஆக, அந்த ஆண்டறிக்கை யாரோ ஒரு முதலாளியின் வீட்டுக் கணக்குப் புத்தகம் இல்லை. பொதுமக்கள் பணத்தின் கணக்கு.

எந்தப் பக்கத்தைத் திறக்கணும்?

நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் ‘முதலீட்டாளர்கள்’ பகுதிக்குப் போங்க. இல்லாவிட்டால் தேசியப் பங்குச் சந்தை அல்லது மும்பைப் பங்குச் சந்தை இணையதளத்தில் நிறுவனப் பெயரைத் தட்டினாலும் ஆண்டறிக்கை வரும். நிதியாண்டு மார்ச் 31-ல் முடியும். அறிக்கை பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வெளியாகும். நூற்றுக்கணக்கான பக்கங்கள், அதுவும் ஆங்கிலத்தில். பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியது நாலு இடம்தான்.

முதல் இடம், வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை. சுருக்கமாக பி.ஆர்.எஸ்.ஆர். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2021 மே மாதம் இந்தப் படிவத்தைக் கொண்டுவந்தது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டு முதல் இது கட்டாயம். இதில் ஒன்பது கொள்கைகள் உண்டு. ஆறாவது கொள்கைதான் சுற்றுச்சூழல். ஆற்றல், தண்ணீர், காற்று மாசு, பசுங்குடில் வாயு எல்லாம் அங்கே அட்டவணையாக இருக்கும். இந்த ஆண்டு, போன ஆண்டு என்று இரண்டு கட்டங்களில்.

இரண்டாவது இடம், இயக்குநர்கள் குழு அறிக்கை. இந்த ஆண்டு எவ்வளவு வெட்டினோம், எத்தனை யூனிட் உற்பத்தி செய்தோம் என்ற அளவுக் கணக்கு இங்கே வரும். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 134-ஆவது பிரிவின்படி, ஆற்றல் சேமிப்புக்கு என்ன செய்தோம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

மூன்றாவது இடம், லாப நட்டக் கணக்கும் அதன் குறிப்புகளும். எரிபொருள் செலவு, மின்சாரச் செலவு ரூபாயில் இருக்கும்.

நான்காவது இடம், பிரிவு வாரியான கணக்கு. ஒரே நிறுவனம் சுரங்கம், மின்சாரம் என்று பல தொழில் செய்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வரவு செலவு காட்டுகிற பகுதி இது.

போனில் பி.டி.எஃப். கோப்பைத் திறந்ததும் தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் ‘ஸ்கோப் 1’ என்று தட்டுங்க. நேராகக் கார்பன் அட்டவணையில் போய் நிற்கும்.

ஸ்கோப் 1, 2, 3: என்ன வித்தியாசம்?

வீட்டை வைத்துச் சொன்னால் சுலபம். நம் அடுப்பில் எரியும் கேஸ், நம் பைக்கில் எரியும் பெட்ரோல் ஆகியவை ஸ்கோப் 1, நாமே எரிக்கிறோம். மின்வாரியத்திடமிருந்து வாங்கும் கரண்ட் ஸ்கோப் 2. நமக்காக வேறொரு இடத்தில் எரிக்கிறார்கள். கடையில் வாங்கும் அரிசி, சோப்பு வந்த வழியில் உண்டான உமிழ்வும், நாம் விற்ற பொருளை வாங்கியவர் பயன்படுத்தும்போது வரும் உமிழ்வும் ஸ்கோப் 3.

பி.ஆர்.எஸ்.ஆர். படிவத்தில் முதல் இரண்டையும் சொல்லியாக வேண்டும். மூன்றாவது ‘விருப்பப்பட்டால் சொல்லலாம்’ என்ற பகுதியில் இருக்கிறது. அனல் மின் நிலையத்தைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட எல்லாமே ஸ்கோப் 1-தான்.

முதல் கணக்கு: டன்னிலிருந்து தொடங்குங்க

நெய்வேலியில் எரிவது பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் சுமார் பாதி ஈரம். அதனால் ஒரு டன்னில் உள்ள கார்பன் கறுப்பு நிலக்கரியைவிடக் குறைவு. ஆனால் அதே காரணத்தால் வெப்பமும் குறைவு. ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கூடுதலாக எரிக்க வேண்டும்.

மனதில் வைத்துக்கொள்ள எளிய எண்கள் இவை.

பழுப்பு நிலக்கரி 1 டன் எரிந்தால், சுமார் 1 முதல் 1.2 டன் கார்பன் டை ஆக்சைடு. இந்திய நிலக்கரியின் தரத்தை வைத்துப் பார்த்தால் 1 டன்னை ஒட்டியும், உலகப் பொதுக் கணக்குக்கு ஐ.பி.சி.சி. தரும் எண்ணை வைத்தால் 1.2 டன்னும் வரும்.

இந்தியக் கறுப்பு நிலக்கரி 1 டன் எரிந்தால், தரத்தைப் பொறுத்து சுமார் 1.5 முதல் 1.8 டன்.

டீசல் 1 லிட்டர் எரிந்தால், சுமார் 2.7 கிலோ.

மின்கட்டமைப்பிலிருந்து வாங்கும் 1 யூனிட் மின்சாரத்துக்கு, சுமார் 0.7 கிலோ. மத்திய மின்சார ஆணையம் இந்த எண்ணை ஆண்டுதோறும் வெளியிடுகிறது, 2022-23-க்கு 0.716 கிலோ.

ஒரு டன் நிலக்கரியிலிருந்து ஒரு டன்னுக்கும் மேலே வாயு எப்படி வரும்னு சந்தேகம் வரலாம். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் 12 கிலோ கார்பன் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகிறது. கூடுதல் எடை காற்றிலிருந்து வந்தது.

சரி, ஒரு பயிற்சிக் கணக்கு. இது எந்த நிலையத்தின் உண்மைக் கணக்கும் இல்லை. முறை புரிவதற்காக மட்டும். 500 மெகாவாட் பழுப்பு நிலக்கரி நிலையம், ஆண்டு முழுக்கச் சராசரியாக 70 சதவீதத் திறனில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சம் கிலோவாட்டை ஆண்டின் 8,760 மணி நேரத்தால் பெருக்கி, அதில் 70 சதவீதம் எடுத்தால் சுமார் 306 கோடி யூனிட். ஒரு யூனிட்டுக்கு 1.1 கிலோ நிலக்கரி என்றால் சுமார் 34 லட்சம் டன். உமிழ்வு 34 லட்சம் டன்னிலிருந்து 40 லட்சம் டன்வரை.

எண் பெரிசா இருக்கா? வீட்டு மீட்டரோடு ஒப்பிடுங்க. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவாகும் வீட்டில், ஆண்டுக்கு 1,200 யூனிட், 0.7 கிலோவால் பெருக்கினால் 840 கிலோ. அந்த ஒரு நிலையத்தின் 34 லட்சம் டன், இப்படிப்பட்ட சுமார் 40 லட்சம் வீடுகளின் மின்சார உமிழ்வுக்குச் சமம். அந்த மின்சாரம் நம் வீட்டுக்கும் வருகிறது என்பதை மறக்கக் கூடாது. குறை சொல்வதற்காக இந்த ஒப்பீடு சொல்லவில்லை. அளவு பிடிபட வேண்டும் என்பதற்காக.

நெய்வேலியின் புதிர்: ரூபாயில் தெரியாத எரிபொருள்

“ஆண்டறிக்கையில் எரிபொருள் செலவு என்று ஒரு வரி இருக்குமே, அதைப் பார்த்தால் போதாதா?” என்று கேட்கலாம். நெய்வேலியில் போதாது.

காரணம், இங்கே நிலக்கரி வெளியிலிருந்து வாங்கப்படுவதில்லை. நிறுவனமே வெட்டுகிறது, நிறுவனமே எரிக்கிறது. கடைக்காரர் தன் கடை அரிசியைத் தானே சமைத்துச் சாப்பிடுவது மாதிரி. வெட்டுவதற்கான செலவு தொழிலாளர் சம்பளம், உதிரிபாகம், இயந்திரத் தேய்மானம், வட்டி என்று பல வரிகளில் பிரிந்து கிடக்கும். ‘எரிபொருள்’ என்ற ஒரே வரியில் அது முழுதாகத் தெரியாது.

அதே நிறுவனத்தின் துணை நிறுவனம் தூத்துக்குடியில் நடத்தும் 1,000 மெகாவாட் நிலையத்தைப் பாருங்க. அது நிலக்கரியை வாங்கி எரிக்கிறது. அதன் கணக்கில் எரிபொருள் செலவு பெரிதாக, பளிச்சென்று தெரியும். ரூபாயை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தூத்துக்குடிதான் எல்லா நிலக்கரியையும் எரிக்கிறது, நெய்வேலி ஏதோ காற்றில் ஓடுகிறது என்று தோன்றிவிடும்!

அதனால் நெய்வேலிக்கு இரண்டு இடங்களைப் பாருங்க. ஒன்று, இயக்குநர்கள் குழு அறிக்கையில் உள்ள டன் கணக்கு. வெட்டிய டன்னிலிருந்து வெளியே விற்ற டன்னைக் கழித்து, இருப்பில் கூடியதையோ குறைந்ததையோ சரிசெய்தால், சொந்த நிலையங்களில் எரித்தது எவ்வளவு என்று வரும். இரண்டு, பிரிவு வாரியான கணக்கு. அதில் சுரங்கப் பிரிவு மின்சாரப் பிரிவுக்கு ‘விற்ற’ தொகை தனி வரியில் இருக்கும். வலது பாக்கெட்டிலிருந்து இடது பாக்கெட்டுக்குப் போன பணம்தான். ஆனாலும் நாம் தேடிய எரிபொருள் மதிப்பு அதுதான்.

இன்னொரு கவனிப்பு. சுரங்கத்தில் மண்ணையும் நிலக்கரியையும் வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் மின்சாரத்தில் ஓடுகின்றன. அந்த மின்சாரம் சொந்த நிலையத்திலிருந்து வந்தால், அதற்கான நிலக்கரி ஏற்கெனவே ஸ்கோப் 1-ல் வந்துவிட்டது. திரும்ப ஸ்கோப் 2 என்று சேர்த்தால் இரட்டைக் கணக்கு ஆகிவிடும்.

யாருடைய கணக்கு? எல்லையைப் பாருங்க

நம் ஊர் மக்கள் அதிகம் குழம்பும் இடம் இது. நிறுவனத்தின் உமிழ்வும் நெய்வேலியின் உமிழ்வும் ஒன்றில்லை.

நெய்வேலியில் என்.எல்.சி. நிலையங்கள் நான்கு. முதல் அனல் மின் நிலைய விரிவாக்கம் 420 மெகாவாட், இரண்டாம் நிலையம் 1,470, அதன் விரிவாக்கம் 500, புதிய நெய்வேலி அனல் மின் நிலையம் 1,000. மொத்தம் 3,390 மெகாவாட். சோவியத் ஒத்துழைப்போடு கட்டப்பட்டு 1962 முதல் மின்சாரம் கொடுத்த 600 மெகாவாட் முதல் நிலையம் 2020-ல் மூடப்பட்டுவிட்டது.

என்.எல்.சி.யின் தனிக் கணக்கில் இவற்றோடு ராஜஸ்தானின் பர்சிங்சரில் உள்ள 250 மெகாவாட் நிலையமும் சேரும். துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கில், தமிழ்நாடு மின்வாரியம் 11 சதவீதப் பங்கு வைத்துள்ள தூத்துக்குடி நிலையமும் உள்ளே வரும். எனவே பி.ஆர்.எஸ்.ஆர். முதல் பகுதியிலேயே ‘இந்த அறிக்கை தனிக் கணக்கா, ஒருங்கிணைந்த கணக்கா’ என்ற வரியைப் படிச்சிட்டு அப்புறம் எண்ணுக்குப் போங்க. ஒரு ஆண்டு தனிக் கணக்கு, அடுத்த ஆண்டு ஒருங்கிணைந்த கணக்கு என்று இருந்தால் இரண்டையும் ஒப்பிடவே கூடாது.

மறுபக்கம், நெய்வேலியிலேயே இருந்தும் இந்தக் கணக்கில் வராத நிலையம் ஒன்று உண்டு. வேறொரு தனியார் நிறுவனத்தின் 250 மெகாவாட் நிலையம் அது. என்.எல்.சி. விற்கும் பழுப்பு நிலக்கரியில்தான் ஓடுகிறது. அங்கே எரிவது அந்த நிறுவனத்தின் ஸ்கோப் 1. என்.எல்.சி.க்கு அது விற்ற பொருள். சொன்னால் ஸ்கோப் 3-ல் சொல்லலாம். நம் தலைக்கு மேலே இருக்கும் வானம் ஒன்றுதான். கணக்குப் புத்தகம்தான் வேறு வேறு.

ரூபாய் மட்டும்தான் இருக்கிறது என்றால்?

சிறிய, நடுத்தர ஆலைகளில் அளவு விவரம் கிடைக்காது. ‘மின்சாரம் மற்றும் எரிபொருள்’ என்று ஒரே தொகைதான் இருக்கும். அப்போது தொகையை விலையால் வகுத்து அளவுக்கு வர வேண்டும்.

ஒரு கற்பனை ஆலை. மின்சாரத்துக்கு ₹6.3 கோடி, ஜெனரேட்டர் டீசலுக்கு ₹1.84 கோடி. எல்லாக் கட்டணமும் சேர்த்து யூனிட் ₹9 என்று வைத்தால் 70 லட்சம் யூனிட், 0.7 கிலோவால் பெருக்கினால் 4,900 டன். டீசல் லிட்டர் ₹92 என்றால் 2 லட்சம் லிட்டர், 2.7 கிலோவால் பெருக்கினால் 540 டன். ஆக மொத்தம் சுமார் 5,440 டன்.

இது ஒரு மதிப்பீடுதான். விலை மாறினால் விடையும் மாறும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின் இறக்குமதி நிலக்கரி விலை எகிறியது. அந்த ஆண்டு எரிபொருள் செலவு கூடியதை மட்டும் பார்த்து ‘உமிழ்வு கூடிவிட்டது’ என்று சொன்னால் தப்பு. அதே அளவு எரித்தும் கூடுதல் காசு கொடுத்திருக்கலாம்.

பழைய கணக்கு தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1988-ஆம் ஆண்டு விதிகளின்படி, குறிப்பிட்ட சில தொழில்களில் இருந்த நிறுவனங்கள் தங்கள் இயக்குநர் அறிக்கையில் மின்சாரம், நிலக்கரி, உலை எண்ணெய் ஒவ்வொன்றுக்கும் அளவு, தொகை, சராசரி விலை மூன்றையும் அட்டவணையாகத் தந்தன. 2013 சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த அட்டவணை கட்டாயமில்லாமல் போனது. 1990-களின் ஆண்டறிக்கை கைக்குக் கிடைத்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடாதீங்க.

‘ஒரு ரூபாய்க்கு இவ்வளவு’: இங்கேதான் உஷார்

பி.ஆர்.எஸ்.ஆர். அட்டவணையில் மொத்த உமிழ்வுக்குக் கீழே ‘விற்றுமுதல் ஒரு ரூபாய்க்கு உமிழ்வு’ என்ற வரி இருக்கும். இதை உமிழ்வுச் செறிவு என்கிறார்கள். விளம்பரங்களில் ‘உமிழ்வைக் குறைத்தோம்’ என்று வருவது பல நேரங்களில் இந்த எண்தான்.

ஒரு எடுத்துக்காட்டு. முதல் ஆண்டு உமிழ்வு 40 லட்சம் டன், விற்றுமுதல் ₹4,000 கோடி. அதாவது கோடிக்கு 1,000 டன். அடுத்த ஆண்டு விலை உயர்ந்து விற்றுமுதல் ₹5,000 கோடி ஆகிறது. உமிழ்வு 42 லட்சம் டன். கோடிக்கு 840 டன். செறிவு 16 சதவீதம் குறைந்துவிட்டது என்று பெருமையாகப் போடலாம். ஆனால் காற்றில் 2 லட்சம் டன் கூடுதலாகப் போயிருக்கிறது.

என்.எல்.சி. போன்ற நிறுவனத்தில் இன்னொரு கோணமும் உண்டு. அது 1,000 மெகாவாட்டுக்கும் மேல் சூரிய மின் திறன் அமைத்திருக்கிறது. பெரும்பகுதி தென் மாவட்டங்களில். இது நல்ல விஷயம். சூரிய மின்சாரத்தின் வருமானம் விற்றுமுதலில் சேரும், உமிழ்வில் சேராது. அதனால் செறிவு தானாக இறங்கும். நெய்வேலியில் எரியும் நிலக்கரி ஒரு டன்கூடக் குறையாமலே இறங்கும். இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் நம் ஊர் நிலவரம் தெரியும்.

அதனால் மூன்று எண்களை வரிசையாக எழுதுங்க: மொத்த டன், ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கிலோ, ஒரு ரூபாய்க்கு எவ்வளவு. மொத்த டன் பூமிக்குக் கணக்கு. யூனிட்டுக்கு எவ்வளவு என்பது இயந்திரத்தின் திறமைக்குக் கணக்கு. ரூபாய்க்கு எவ்வளவு என்பது முதலீட்டாளருக்கு. 600 மெகாவாட் பழைய நிலையம் போய் 1,000 மெகாவாட் புதிய நிலையம் வந்ததையே எடுத்துக்கொண்டால், புதிய இயந்திரம் ஒரு யூனிட்டுக்குக் குறைவாக எரிக்கும். ஆனால் திறன் பெரிது என்பதால் மொத்த டன் அதே அளவு குறையும் என்று சொல்ல முடியாது. இரண்டு எண்ணையும் பார்த்தால்தான் முழுப்படம் கிடைக்கும்.

மத்திய அரசு கொண்டுவந்திருக்கும் கார்பன் சந்தைத் திட்டத்திலும் இலக்கு ரூபாய்க்கு வைக்கப்படவில்லை. சிமென்ட், அலுமினியம், காகிதம் போன்ற தொழில்களுக்கு 2025-ல் அறிவிக்கப்பட்ட விதிகளில், ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு உமிழ்வு என்றுதான் இலக்கு இருக்கிறது.

எரிபொருள் கணக்கில் வராத கார்பன், வந்தும் சேராத கார்பன்

எல்லா ஆலைக்கும் எரிபொருள் பில் போதாது. பக்கத்து அரியலூர் மாவட்டத்தின் சிமென்ட் ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்க. சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கும்போது அந்தக் கல்லே கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். ஒரு டன் கிளிங்கருக்கு, கல்லிலிருந்து மட்டும் சுமார் அரை டன். நிலக்கரிச் செலவை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. அதனால் சிமென்ட் நிறுவன அறிக்கையில் கிளிங்கர் உற்பத்தி டன்னைத் தேடுங்க.

சேத்தியாத்தோப்பில் உள்ள எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை மாதிரியான இடங்களில் விஷயம் தலைகீழ். சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கின்றன. அதிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடு வருகிறது. ஆனால் அந்தக் கார்பன் கொஞ்ச மாதத்துக்கு முன்னால் கரும்பு காற்றிலிருந்து எடுத்ததுதான். அடுத்த பயிர் திரும்ப எடுக்கும். அதனால் உலகளாவிய கணக்கு முறையில் அதை ஸ்கோப் 1-ல் சேர்க்காமல் தனியாக எழுதுகிறார்கள்.

விடை சரியா? இரண்டு நிமிடச் சோதனை

மொத்த உமிழ்வை உற்பத்தி யூனிட்டால் வகுத்துப் பாருங்க. நிலக்கரி, பழுப்பு நிலக்கரி நிலையங்களில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.9 முதல் 1.4 கிலோவுக்குள் வர வேண்டும். 0.1 என்றோ 12 என்றோ வந்தால் எங்கோ அலகு தவறியிருக்கிறது. லட்சத்தை மில்லியனாகவோ, கிலோவை டன்னாகவோ நாமே மாற்றிப் படித்திருக்கலாம்; அறிக்கையிலேயேகூட அச்சுப்பிழை இருக்கலாம்.

அடுத்து, மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு தரவுத்தளத்தைத் திறங்க. நாட்டின் அனல் மின் நிலையங்களின் உற்பத்தியும் உமிழ்வும் நிலையம் வாரியாக அதில் உண்டு. உங்கள் விடையை அதோடு ஒத்துப்பாருங்க.

மூன்றாவது, கார்பன் எண்ணை வெளி நிறுவனம் சரிபார்த்ததா என்ற வரியைப் படியுங்க. முக்கியமான எண்களுக்கு இப்படிச் சரிபார்ப்பு வேண்டும் என்று செபி 2023 ஜூலையில் உத்தரவிட்டு, பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கொண்டுவருகிறது.

கேள்வி கேட்கும் வழி

அறிக்கையில் பதில் இல்லையென்றால் கேட்கலாம். பொதுத்துறை நிறுவனத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ₹10 கட்டணத்தில் மனு போடலாம். தமிழிலேயே எழுதலாம், போனிலேயே ஆன்லைனில் அனுப்பலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

தனியார் ஆலையிடம் நேரடியாக இப்படிக் கேட்க முடியாது. ஆனால் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற ஆலைகள் ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 30-க்குள் ‘படிவம் 5’ என்ற சுற்றுச்சூழல் அறிக்கையை வாரியத்திடம் கொடுக்க வேண்டும். தண்ணீர், மூலப்பொருள் பயன்பாடு அதில் உண்டு. அந்த நகலைத் தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டு மனு போடலாம். வணிக ரகசியம் என்று சில பகுதிகளை மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு என்பதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனங்களின் நிதி அறிக்கையை, மத்திய நிறுவன விவகாரங்கள் அமைச்சக இணையதளத்தில் ₹100 கட்டிப் பார்க்கலாம்.

புதிய ஆலை, சுரங்க விரிவாக்கம் என்று வந்தால் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். விலக்கு பெற்ற சில திட்டங்கள் தவிர. குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு வரும், திட்டச் சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். நிலம், தண்ணீர், வேலை பற்றிய கேள்விகளோடு, “ஆண்டுக்கு எத்தனை டன் எரிப்பீங்க? போன ஐந்து ஆண்டில் எத்தனை டன் எரிச்சீங்க? ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு?” என்றும் கேளுங்க. எண்ணைச் சொல்லிக் கேட்கும் கேள்விக்கு எண்ணில்தான் பதில் வர வேண்டும். அது கூட்டக் குறிப்பிலும் பதிவாகும்.

போனில் சேமித்துக்கொள்ள

1. ஆண்டறிக்கையை இறக்குங்க, தனிக் கணக்கா, ஒருங்கிணைந்ததா என்று முதலில் பாருங்க.

2. ஸ்கோப் 1, ஸ்கோப் 2 எண்களை இரண்டு ஆண்டுக்கும் குறித்துக்கொள்ளுங்க.

3. எரித்த டன்னைக் கண்டுபிடித்து நீங்களே பெருக்குங்க. டன் இல்லையென்றால் மட்டும் ரூபாயை விலையால் வகுங்க.

4. மொத்த டன், யூனிட்டுக்கு எவ்வளவு, ரூபாய்க்கு எவ்வளவு ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதுங்க. ‘குறைந்தது’ என்று யாராவது சொன்னால் மூன்றில் எது என்று கேளுங்க.

5. மின்சார ஆணையத் தரவோடு ஒத்துப்பார்த்து, வித்தியாசம் இருந்தால் எழுதிக் கேளுங்க.

பத்தாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடித்துவிடக் கூடிய வேலை இது. வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் உட்கார வையுங்க. முதல் ஆண்டு ஒரு எண்தான் கிடைக்கும். தொடர்ந்து மூன்று ஆண்டு குறித்து வைத்தால், நம் ஊர் ஆலை எந்தப் பக்கம் போகிறது என்பதை யாரையும் கேட்காமல் நீங்களே சொல்லலாம்.